திருகோணமலை வெக்கையில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவ 20 பாகை கட்டாயமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பப்பாவின் கமராவில் ஒரு எச்.பி.5 (இல்ஃபோர்டின் கறுப்பு வெள்ளை) பிலிமை எடுத்து முடித்து, உருவைத் துலக்கும் டி-76 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீரில் கலந்து, அட்டவணையில் 20 பாகை செல்சியசுக்குப் போட்டிருக்கும் 11 நிமிடத்துக்கே கழுவியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரோ 31 பாகையில் இருந்திருக்கிறது. நெகட்டிவ் வெளிச்சமே ஊடுருவாதபடி கறுத்து வந்திருக்கிறது. வெக்கை பிலிமைக் கெடுத்துவிட்டதா, குளிரூட்டி இல்லாத வீட்டில் இந்த வேலை நடக்குமா, பேசாமல் கொழும்புக்கு அனுப்பிவிடலாமா என்று மூன்றாகக் கேட்டிருந்தாலும், அவற்றின் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: 20 பாகை என்பது விதியா, அல்லது யாரோ ஒருவருடைய வசதியா?

அது வசதிதான். குளிர் நாடுகளில் அறைக்குள் சிரமமில்லாமல் வைத்திருக்கக்கூடிய வெப்பநிலை அது என்பதால் பிலிம் தயாரிப்பவர்கள் தங்கள் அட்டவணைகளை அதற்கே அமைத்தார்கள். பிலிமின் மேற்பூச்சில் இருக்கும் வெள்ளி உப்புக்கு 20 பாகையில் தனியான பற்று எதுவும் இல்லை. நகரத்து ஸ்ரூடியோ ஒன்றின் இருட்டறையில் தொழில் பழகி, பின்னர் என் விருப்பத்துக்காகவே வீட்டில் தொடர்ந்து கழுவி வருகிறவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்: இந்த ஊரில் 20 பாகையைத் துரத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு பிலிமும் ஒவ்வொரு விதமாக வரும். தன் வீட்டில் முழு வேலை முடியும்வரை அசையாமல் நிறுத்தக்கூடிய ஒரு வெப்பநிலையைத் தெரிந்து, அதற்கேற்ப டெவலப்பரின் செறிவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே சீராக வரும். எனக்கு அந்த வெப்பநிலை வெயில் காலத்தில் 26 பாகை, மாரியில் 24 பாகை.

உங்கள் முதல் பிலிமுக்கு நடந்ததை இப்போது கணக்காகவே பார்க்கலாம். உருத் துலங்குவது ஒரு வேதியியல் வினை. தண்ணீர் சூடாக ஆக அது விரைகிறது. நடைமுறையில் ஒரு பாகை ஏறினால் நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போனால், 20 பாகையில் 11 நிமிடம் எடுக்கும் வேலை 24 பாகையில் ஏழேகால் நிமிடத்திலும், 26 பாகையில் ஆறு நிமிடத்துக்குச் சற்று முன்னும், 31 பாகையில் ஏறத்தாழ மூன்றரை நிமிடத்திலும் முடிந்துவிடும். நீங்கள் முழு 11 நிமிடம் விட்டிருக்கிறீர்கள். ஆகவே பிலிமை வெக்கை கெடுக்கவில்லை. மூன்று மடங்கு நேரம் டெவலப்பரில் கிடந்ததுதான் கெடுத்தது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். நெகட்டிவின் ஓரத்தில், துளைகளை ஒட்டி, பிலிமின் பெயரும் இலக்கங்களும் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே ஒளியூட்டப்பட்டவை என்பதால் உங்கள் கமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை; கழுவிய விதத்துக்கு மட்டுமே அவை சாட்சி. அந்த எழுத்துகள் மை ஊறிய மாதிரித் தடித்து விளிம்பு கரைந்து இருந்து, இரண்டு படங்களுக்கு இடையிலான வெற்றிடமும் தெளிவில்லாமல் சாம்பல் படிந்திருந்தால் கழுவல் கூடிவிட்டது என்று பொருள். எழுத்துகள் கூர்மையாகவும் வெற்றிடம் தெளிவாகவும் இருந்து, படங்கள் மட்டும் கறுத்திருந்தால் குற்றம் ஒளியூட்டலில். இரண்டும் ஒருங்கே நடக்கவும் கூடும். இங்கத்தைய கடற்கரை வெளிச்சத்தில் அது அரிதல்ல.

அந்த நெகட்டிவை எறிந்துவிட வேண்டாம். பலமான வெள்ளை வெளிச்சத்தின் மேல் வைத்து டிஜிட்டல் கமராவால் நீண்ட நேர ஒளியூட்டலில் படமெடுத்தால், கண்ணுக்குக் கரிக்கட்டையாகத் தெரிவதிலிருந்தும் கணிசமான விவரம் வெளிவரும். பார்மர் குறைப்பான் என்று 1883 முதல் புழக்கத்தில் இருக்கும் பொற்றாசியம் பெரிசயனைட்டு, ஹைப்போக் கலவையைச் சிலர் உங்களுக்குப் பரிந்துரைப்பார்கள். அது சாம்பல் மூட்டத்தை நீக்கும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா இடத்திலிருந்தும் வெள்ளியை அரிக்கும்போது, வெள்ளி குறைவாக உள்ள நிழற்பகுதி விவரங்கள்தான் முதலில் அழிந்துபோகும். முதலில் படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பரிசோதனை பிறகு.

அப்படியென்றால் 31 பாகையிலேயே மூன்றரை நிமிடம் கழுவலாமே என்று தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. ஐந்து நிமிடத்துக்குக் குறைவான கழுவலில், டெவலப்பரை ஊற்றி முடிக்கவும் வடிக்கவும் ஆகும் சில விநாடிகளே மொத்த நேரத்தில் பெரும் பங்காகிவிடுவதால், வானம் போன்ற வெறும் பரப்புகளில் பட்டை பட்டையாகத் திட்டு விழும். இதற்கு வழி டெவலப்பரை நீர்க்க வைப்பது. உங்களிடம் உள்ள டி-76க்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க இல்ஃபோர்ட் ஐ.டி.-11ஐ எடுத்துக்கொண்டால், எச்.பி.5 பிளஸ் பிலிமுக்கு 20 பாகையில், கலக்காமல் பயன்படுத்த ஏழரை நிமிடம், ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 13 நிமிடம், ஒன்றுக்கு மூன்று கலந்தால் 20 நிமிடம் என்று தயாரிப்பாளரின் அட்டவணை சொல்கிறது. அந்த 20 நிமிடத்தை மேலே சொன்ன கணக்கில் இறக்கினால் 26 பாகையில் ஏறத்தாழ பத்தரை நிமிடமும், 28 பாகையில் எட்டரை நிமிடமும் வரும். இரண்டுமே நிதானமாக வேலை செய்யப் போதிய நேரம். அதோடு நீர்த்த டெவலப்பர் பிரகாசமான இடங்களில் விரைவில் களைத்துவிடுவதால், நம்முடைய வெயிலின் கடுமையைச் சற்றுத் தணித்தும் தரும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஒன்றுக்கு மூன்று கலக்கும்போது ஒரு பிலிமுக்குக் கிடைக்கும் மூலக்கரைசலின் (தண்ணீர் சேர்க்காத டெவலப்பரின்) அளவு குறைந்துவிடுகிறது. பற்றர்சன் டாங்கில் (பிலிம் கழுவும், வெளிச்சம் புகாத கலத்தில்) ஒரு 35 மில்லிமீற்றர் பிலிமுக்கு 290 மில்லிலீற்றர் போதும். ஆனால் அதில் மூலக்கரைசல் வெறும் 72 மில்லிலீற்றர்தான் இருக்கும், அது ஒரு முழு பிலிமுக்குப் பற்றாமல் போகலாம். இரண்டு ரீல் (பிலிமைச் சுற்றும் சுருள்) கொள்ளும் டாங்கில், கீழ் ரீலில் பிலிமும் மேல் ரீல் வெறுமையாகவும் வைத்து 600 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். ஒருமுறை பயன்படுத்திய கலவையை மறுமுறைக்கு வைத்திருக்க வேண்டாம்.

எது உறுதி, எது ஐயம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பாகைக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு 20க்கும் 26க்கும் இடையில் நம்பத்தக்கது. 28 வரை கவனமாகப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் அது வெறும் ஊகம். டி-76இல் மெற்றோல், ஹைட்ரோகுயினோன் என்று உருத்துலக்கும் பொருள்கள் இரண்டு இருக்கின்றன. ஹைட்ரோகுயினோன் வெப்பத்துக்கு மற்றதைவிட அதிகமாக அசைந்து கொடுக்கும் என்பதால், வெக்கை கூடும்போது வேகம் மட்டுமல்ல, படத்தின் தொனி ஏற்றத்தாழ்வும் மாறும். ஆகவே என்னுடைய பத்தரை நிமிடத்தை உங்கள் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிலிமைக் கழுவிப் பார்த்து, மேகமும் வெள்ளைச் சேலையும் விவரமில்லாமல் அடைத்திருந்தால் அடுத்ததற்கு ஒரு நிமிடம் குறையுங்கள். எல்லாம் மந்தமாக இருந்தால் ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

குளிக்குக் குளி, அதாவது பிலிம் அடுத்தடுத்து மூழ்கும் கரைசலுக்குக் கரைசல், வெப்பம் இரண்டு பாகை மாறினாலே மேற்பூச்சு சுருங்கி வலைபோல் வெடித்துவிடும் என்று இணையத்தில் பயமுறுத்துவார்கள். பழைய காலத்து மென்மையான பிலிம்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. வெப்ப நாடுகளில் கழுவுகிறவர்கள் டெவலப்பரில் சோடியம் சல்பேற்றுச் சேர்த்து ஜெலற்றின் ஊதுவதைத் தடுத்ததும், மிச்ச வெள்ளி உப்பைக் கரைத்து உருவை நிலைநிறுத்தும் பிக்சரில் படிகாரம் சேர்த்து அதை இறுக்கியதும் அதற்காகத்தான். இன்றைய இல்ஃபோர்ட், கொடாக் பிலிம்கள் தயாரிப்பிலேயே இறுக்கப்பட்டு வருவதால் 26, 28 பாகைக்கெல்லாம் அசையமாட்டா. ஆனாலும் டெவலப்பர் 24 பாகையிலும் அதன்பின் ஊற்றும் தண்ணீர் 31 பாகையிலுமாக இருப்பது நல்ல பழக்கம் அல்ல. ஈரமான ஜெலற்றின் சூட்டில் மென்மையாகி, நகம் பட்டாலே கீறல் விழும். எல்லாக் குளிகளும் ஒன்றுக்கொன்று இரண்டு பாகைக்குள் நிற்கட்டும். வெப்ப மாற்றத்தால் படத்தில் உள்ள வெள்ளி மணித்துகள் பருத்துத் தெரியும் என்பதில் அனுபவசாலிகளிடையே இன்னும் வழக்கு ஓயவில்லை. நான் அதில் எந்தப் பக்கமும் சேர்வதில்லை.

இனி வெப்பத்தை எப்படி இறக்குவது என்பது. இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு பிளாஸ்ரிக் பேசினும் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்த சில தண்ணீர்ப் போத்தல்களும் போதும். 10 லீற்றர் தண்ணீரை 31 பாகையிலிருந்து 24 பாகைக்கு இறக்க ஏறத்தாழ 700 கிராம் ஐஸ் போதும், 26 பாகைக்கு என்றால் அரைக் கிலோ. 20 பாகைக்கே இறக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும் என்பதோடு, அறை வெப்பத்துக்கும் தண்ணீருக்கும் இடைவெளி கூடக் கூட அது வேகமாக மீண்டும் சூடேறும். நிறுத்தி வைப்பதுதான் பெரும்பாடு. ஐஸை டெவலப்பருக்குள் நேரே போடாதீர்கள், கரைந்து செறிவைக் குலைத்துவிடும். டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டொப், பிக்சர் மூன்றையும் கலந்த போத்தல்களையும், அலசுவதற்கான மூன்று நான்கு லீற்றர் தண்ணீரையும் பேசினுக்குள்ளேயே அரை மணி நேரம் நிறுத்திவையுங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், காற்று வறண்டிருப்பதால், வாசலோரம் வைத்த மண்பானையிலேயே தண்ணீர் சில பாகை இறங்கிவிடும். அரைவாசி வேலையைப் பானை பார்த்துக்கொள்ளும். வாடைக்காற்றும் மழையுமான மாதங்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் பானை அவ்வளவாக உதவாது, ஆனால் அப்போது குழாய்த் தண்ணீரே கொஞ்சம் தணிந்துதான் வரும். மேல்மாடித் தாங்கியிலிருந்து வரும் தண்ணீராக இருந்தால் பிற்பகலை விட்டுவிட்டு விடியப்புறத்தில் கழுவுங்கள்.

டாங்கைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். நிமிடத்துக்கு ஒருமுறை பத்து விநாடிக்குள் நான்கு தடவை கவிழ்த்து நிமிர்த்தி, காற்றுக்குமிழி ஒட்டாதிருக்க அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மீண்டும் பேசின் தண்ணீருக்குள் வைத்துவிட வேண்டும். ஊற்றும்போது ஒரு தடவையும் வடிக்கும்போது ஒரு தடவையும் டெவலப்பரின் வெப்பத்தை அளந்து, இரண்டின் சராசரியை அந்தப் பிலிமின் வெப்பநிலையாகக் கொப்பியில் எழுதிவையுங்கள். வெப்பமானி விலையுயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. காய்ச்சல் பார்ப்பது 35 பாகைக்குக் கீழே காட்டாது என்பதால் அது உதவாது, மீன்தொட்டிக்கு விற்கும் சாதாரண வெப்பமானி போதும். உருகும் ஐஸில் வைத்துப் பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு பாகை பிசகினாலும் பரவாயில்லை, எப்போதும் அதே வெப்பமானியைப் பயன்படுத்தினால் அந்தப் பிசகு உங்கள் நேரக் கணக்குக்குள்ளேயே அடங்கிவிடும்.

வெக்கையைவிட வியர்வைதான் எனக்கு அதிக தொல்லை தந்திருக்கிறது. கைவிட்டு பிலிம் ஏற்றும் கறுப்புப் பைக்குள் ஐந்து நிமிடத்திலேயே கை வியர்த்து உள்ளே ஆவி கட்டிவிடும்; ஈரமான பிளாஸ்ரிக் ரீலில் பிலிம் பாதி வழியில் சிக்கிக்கொண்டு முன்னும் போகாது பின்னும் வராது. அந்த நேரத்தில் பலவந்தப்படுத்தினால் பிலிம் மடிந்து, பிறை நிலா வடிவில் கறுப்புத் தழும்பு விழும். அப்படிச் சிக்கினால் பிலிமையும் ரீலையும் டாங்குக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்து, ஆறவிட்டுத் தொடருங்கள். இரவில், ஜன்னல் இல்லாத அறையில் கதவிடுக்கைத் துணியால் அடைத்துவிட்டுப் பையே இல்லாமல் ஏற்றுவது இதனிலும் மேல். மின்வெட்டு வந்தாலும் இந்த ஒரு வேலைக்கு நட்டமில்லை.

டெவலப்பருக்குப் பிறகு வருபவை எளியவை. ஸ்டொப்புக்கு ஒரு லீற்றருக்கு 15 கிராம் சித்திரிக் அமிலம் போதும். பிக்சருக்கு நேரம் கடிகாரத்தில் இல்லை, பிலிமில் இருக்கிறது: வெட்டி எறியும் பிலிம் துண்டை வெளிச்சத்திலேயே பிக்சரில் போட்டு, பால் நிறம் போய்த் தெளிவாக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து, அதன் இரட்டிப்பு நேரம் விடுங்கள். தெளியும் நேரம் புதுப் பிக்சரில் எடுத்ததைப்போல் இரண்டு மடங்கானால் அந்தப் பிக்சர் முடிந்துவிட்டது. அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிட்டு நிற்க வேண்டியதில்லை; இல்ஃபோர்ட் சொல்லும் முறையில், டாங்கை நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்து ஊற்றிவிட்டு, மறுபடி நிரப்பிப் பத்துத் தடவை, மறுபடி நிரப்பி இருபது தடவை செய்தால் போதும். கடைசியாக நீர் துளியாகத் தேங்காமல் வழிந்தோடச் செய்யும் ஈரமூட்டி ஒரு துளியோடு காய்ச்சி வடித்த நீரில் முக்கி எடுங்கள்; எரிபொருள் நிலையங்களில் விற்கும் பற்றரித் தண்ணீர் அதற்குப் போதும். நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் முக்கினால் காய்ந்தபின் சுண்ணாம்புப் புள்ளிகள் நிற்கும். டெவலப்பர் கலக்கவும் அதே பற்றரித் தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது. கச்சான் காலத்தில் ஜன்னலைத் திறந்து காயவிட்டால் மணல்தூசி ஈர ஜெலற்றினில் பதிந்து நிரந்தரமாகிவிடும். குளியலறையில், தரையை நனைத்துத் தூசியை அடக்கிய பிறகு தொங்கவிடுங்கள். மழைக்கால இரவென்றால் ஈசல் வராதபடி விளக்கை அணைத்துவிடுங்கள். கரப்பான் பூச்சிக்கு ஜெலற்றின் உணவு என்பதால், காய்ந்த நெகட்டிவை உறையிலிட்டு மூடிய டப்பாவுக்குள், சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். புதுப் பிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது சரிதான், ஆனால் வெளியில் எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பனித்து நனைந்துவிடும்.

ஒளியூட்டலைப் பற்றியும் சிறிது. மத்தியான வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400 பிலிமுக்கு எஃப் 16 துவாரத்தில், ஒரு விநாடியில் 500இல் ஒரு பங்கு நேரம் என்பது சாதாரணக் கணக்கு. நிலாவெளி மணலிலும் தண்ணீரிலும் வெளிச்சம் அதையும் தாண்டும். 500இல் ஒரு பங்குதான் உங்கள் கமராவின் எல்லை என்று எழுதியிருப்பதால், பகலில் எடுக்க ஐ.எஸ்.ஓ. 125 வேகமுள்ள எஃப்.பி.4 பிளஸ் வசதியாக இருக்கும். எச்.பி.5தான் கையில் இருக்கிறது என்றால் ஐ.எஸ்.ஓ. 200 என்று வைத்து எடுத்து, கழுவும் நேரத்தை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையுங்கள். திருகோணமலைக் கோட்டைக்குள் மர நிழலில் நிற்கும் மானின் உடம்பில் விவரமும் வேண்டும், பின்னால் வெயில் விழும் வீதியும் வெளிறக் கூடாது என்றால் கூடுதல் ஒளியும் குறைந்த கழுவலுமான இந்த இணைப்புத்தான் கைகொடுக்கும். கடலைப் பின்னால் வைத்து ஒருவரின் முகத்தை எடுக்கும்போது ஒளிமானி கடலுக்குத்தான் அளக்கும். முகத்தருகே போய் அளந்துவிட்டுப் பின்வாங்கி எடுங்கள்.

கொழும்புக்கு அனுப்புவதில் தவறில்லை, செலவும் காத்திருப்பும் கட்டுப்படியானால். ஆனால் எடுத்து முடித்த பிலிமை வெயிலில் நிற்கும் வாகனத்திலோ அலுமாரியிலோ வாரக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். கழுவாத பிலிமில் பதிந்த உரு வெக்கையில் தேயும், மூட்டமும் ஏறும். நிறப் பிலிமையும் பிறகு யோசிக்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதற்கு வேண்டியது 37.8 பாகை என்பதால் தண்ணீரைச் சூடாக்கினால் போதும், குளிர்விக்கும் தலையிடியே இல்லை. இந்த ஒரு விடயத்தில் ஊர் நமக்குச் சாதகம்.

கையுறை போடுங்கள், டி-76இல் உள்ள மெற்றோல் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை வந்தால் பிறகு விடாது. சமையல் பாத்திரங்களை இதற்கு எடுக்காதீர்கள். பயன்படுத்தி முடிந்த பிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும் என்பதால், கிணறு இருக்கும் வளவுக்குள், அதுவும் தண்ணீரை உடனே கீழே விட்டுவிடும் நம் மணல் நிலத்தில், அதை ஊற்றவே கூடாது. ஒரு பழைய வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிப் பஞ்சை அதற்குள் போட்டு சில நாள் மூடி வைத்தால், இரும்பு கரைய வெள்ளி கறுத்த சேறாக அடியில் படியும். சேற்றை வடித்துப் போத்தலில் சேர்த்துவையுங்கள். மேலே தெளிந்து நிற்பதையும் கிணற்றுப் பக்கம் கொண்டுபோகாமல், நிறையத் தண்ணீரோடு கழிவறையில் ஊற்றுங்கள். உங்கள் மலகூடக் குழி கிணற்றுக்கு அருகில் இருந்தால் அதுவும் வேண்டாம், மூடிய கலனில் சேர்த்துவைத்து, எக்ஸ்ரே பிலிம் கழுவும் இடம் ஏதாவது ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டுப் பாருங்கள்.